லெஸ்டர் நம்பர்

அண்ணன் அனுப்பிய பார்சலில்
இரண்டு ஸ்வெட்டர், ஒரு பிஸ்கட் டின்,
சோப்புப் பெட்டி அளவில் கறுப்பாய் ஒரு சாமான்.
"இன்டர்நெட் வயரை ஒரு பக்கம் குத்து,
வீட்டுப் போனை மற்றப் பக்கம் குத்து" என்றான்.
டெலிகொம்காரன் லைனை வெட்டிப்போன நாள்முதல்
அலமாரிக்கு மேல் துணி போர்த்திக் கிடந்த போன்
காதில் வைத்ததும் உறுமியது,
பழைய சுருதி மாறாமல்.

நம்பர்தான் இந்த ஊரில்லை.
அண்ணனுக்கு நாங்கள் பக்கத்துத் தெரு.
மஸ்கெலியாவில்,
மேல் டிவிசனுக்கு ஏறும் மூன்றாம் வளைவில்,
கூரையில் கம்பு கட்டி இன்டர்நெட் இழுக்கிற வீடென்று
அந்த நம்பருக்குத் தெரியாது.

முதல் கோல் அண்ணனில்லை.
இரவு இரண்டு மணி.
"டாக்ஸி?" என்றது ஒரு ஆண் குரல்.

மூடிப்போன ஏதோ டாக்ஸிக் கடையின் நம்பராம்.
"ரோங் நம்பர்" சொல்லிப் பழகினேன்.
வெள்ளிக்கிழமை என்றால் ஆறேழு தரம்,
எல்லாம் வெறிக் குரல்கள்.
கழற்றி வை என்றார் கிறிஸ்டி.
கழற்றினால் அண்ணன்?

ஒருநாள் ஒரு பொம்பிளை.
பின்னால் குழந்தை அழுகிறது, மழை கேட்கிறது.
நான் சொன்னது அரைச் செக்கன் பிந்திப் போய்ச் சேருமுன்
"ப்ளீஸ்" என்றுவிட்டாள்.
வைத்துவிட்டேன்.
பிறகு நித்திரை வரவில்லை.

காலையில் அண்ணனிடம்
வேறொரு டாக்ஸி நம்பர் கேட்டேன்.
சிரித்துக்கொண்டே தந்தான்.
கலண்டர் ஓரத்தில் எழுதினேன், பதினொரு இலக்கம்.
அன்றிலிருந்து யார் கேட்டாலும் வாசிப்பேன்,
செக்ரோலில் பெயர் கூப்பிடுகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி.
"தேங்க்யூ, லவ்" என்பார்கள்.
அதைக் கிறிஸ்டியிடம் சொல்லவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி
சின்னவனுக்கு இழுப்பு.
விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது.
கிறிஸ்டி கைபோனோடு
சிக்னல் கிடைக்கும் தண்ணி டாங்கியடிக்கு ஓடினார்.
வீட்டுப் போனில் எடுக்கலாம்தான்;
ஆனால் லெஸ்டர் போனுக்குக்
கீழ் டிவிசன் வெளிநாடு. காசு கட்டியிருக்கவில்லை.

நனைந்து வந்தார்.
"வளைவில மண் சரிஞ்சி கெடக்காம்.
ஆட்டோ ஏறாதாம். ஜெயசீலன்
விடிஞ்சதும் வாறானாம்."

அப்போது போன் அடித்தது.
பிள்ளையைத் தோளில் போட்டபடி எடுத்தேன்.
"டாக்ஸி?"
கலண்டரைப் பார்க்கவில்லை. பாடமாகியிருந்தது.
இரண்டு தரம் சொன்னேன்.
எவ்வளவு நேரத்தில் வரும் என்றது குரல்.
"சிக்ஸ் மினிட்ஸ்" என்றேன்.
அங்கே எல்லாம் அவ்வளவுதானாம்,
அண்ணன் சொல்லியிருக்கிறான்.

ஸ்வெட்டரைப் பிள்ளைக்குப் போட்டு
அதற்கு மேல் ரெட்டுத் துண்டைச் சுற்றினேன்.
கிறிஸ்டி டோர்ச்சைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.
ஆஸ்பத்திரிக்கு மூன்று மைல்.

கதவைப் பூட்டும்போது
திரும்பவும் அடித்தது.