இருபது கிலோவுக்குக் கீழே

காவேரிப்பட்டணம் போகும் சாலையில்
எண்பது டன் எடைமேடை என்னுடையது.
என்னுடையது என்றால், இரவு ஷிப்ட் என்னுடையது.
மேடை கோவிந்தப்பச் செட்டியாருடையது.

ஜூன் முழுக்கப் பெங்களூரா மாங்காய் லாரிகள்
கூழ் ஆலைக்குப் போகும் வழியில் இங்கே வால் நீட்டி நிற்கும்.
சீட்டு அடிக்கும் பெட்டியோ பென்டியம் நான்கு.
பொத்தானைத் தட்டினால்
விசிறி ஊளையிடும்,
திரையில் மணற்கடிகை குப்புறப் புரளும்.
டிரைவர் இறங்கிப் போய்
எதிரே யசோதாக்கா கடையில் டீ குடித்து,
பாக்கியைச் சொல்லித் திரும்பும்போது
சீட்டு பாதி நாக்கை நீட்டியிருக்கும்.

செட்டியார் ஒருநாள் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்தார்.
லாரிக்கு நாலு நிமிஷம்.
"மாத்து" என்றார், "ஆறாயிரத்துக்குள்ள."

லண்டன்பேட்டை நயாஸ் இரண்டு கொண்டுவந்தான்.
பெங்களூர் ஆபீஸ்கள் கழித்துக்கட்டி
ஓசூர் வழியாக இறங்கிய சரக்கு.
லேப்டாப் ஒன்று: செலரான், பதினாலில் பிறந்தது.
மேசைப்பெட்டி ஒன்று: கோர் டூ டுவோ, ஒன்பதில் பிறந்தது.
"இளசைப் புடிங்கண்ணே, நாளைக்கு வந்து காசு வாங்கிக்கிறேன்."

பதினொன்றுக்கு மேல் வரிசை ஓய்ந்ததும்
இரண்டுக்கும் ஒரே வேலை கொடுத்தேன்:
போன சீசனின் ஒன்பதாயிரம் சீட்டையும்
ஒரே மூச்சில் திற.
கிழடு பதினோரு நொடி.
இளசு இருபத்திமூன்று.
நம்பாமல் மறுபடி.
பதினொன்று. இருபத்திநாலு.
கோர் இரண்டுக்கும் ரெண்டுதான். ரேம் இரண்டுக்கும் நாலுதான்.
சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிற கணக்கு
இங்கே செல்லாது போலிருக்கிறது.

சரி, கரண்ட் போனால்?
பிளக்கைப் பிடுங்கினேன்.
அறுபத்தைந்து வாட் தின்கிற கிழடு
யூபிஎஸ்ஸைக் கதறவிட்டு
ஒன்பதாவது நிமிஷம் கண்ணை மூடியது.
ஏழரை வாட் இளசு
விசிறிகூட இல்லாமல், சத்தமில்லாமல்,
நான் பரோட்டா தின்று, கை கழுவி,
ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகும்
விழித்துக்கொண்டிருந்தது.

என்ன முடிவு செய்வது என்று தெரியாமல்
இரண்டையும் தூக்கிப்போய் மேடை நடுவில் வைத்தேன்.
சிவப்பு எண் அசையவில்லை. சுழியம்.
இந்த மேடை இருபது இருபது கிலோவாகத்தான் எண்ணும்,
அதற்குக் கீழே அதற்குக் கண் தெரியாது.
நானும் ஏறி நின்றேன்.
அறுபது.

காலையில் கேபிள்தான் பேசியது.
மேடையிலிருந்து வரும் கேபிள் முனையில் ஒன்பது துளை.
கிழட்டின் முதுகில் ஒன்பது முள்.
இளசின் உடம்பில் எங்கு தடவியும் அப்படியொன்று இல்லை.
"நானூறு ரூபாய்க்கு மாத்தி இருக்குண்ணே."
மாட்டினோம்.
திம்மராயன் லாரி ஏறியது.
திரையில் எடை வந்தது:
ஐந்து கேள்விக்குறி, ஒரு சதுரம்.
"எம் மாங்காய்க்கா கேள்வி கேக்குது?" என்றார் அவர்.

கிழடு தங்கியது.
பென்டியம் நான்கு மேசைக்கடியில் போனது,
இப்போது அதன் தலையில் தண்ணீர்க்கேன்.
லாரிக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.
செட்டியார் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தினார்.

மூன்றாம் நாள் யசோதாக்கா ரோட்டைக் கடந்து வந்தாள்.
"என்னத்தக் கொண்டாந்து வச்ச?
ஒருத்தனும் எறங்க மாட்டேங்குறான்."
என்னிடம் பதில் இல்லை.
நயாஸிடம் இருந்தது.
விலை போகாத செலரானை
இரண்டாயிரத்து எண்ணூறுக்கு அவளிடமே தள்ளிவிட்டான்.

பிஸ்கட் பாட்டில்களுக்கு நடுவே
அது இப்போது கிரிக்கெட் காட்டுகிறது.
சீட்டு வாங்கிய லாரிகள்
ஓரங்கட்டி நிற்கின்றன.
ஊரே இருட்டானாலும் அது அணைவதில்லை.
என்ன, பந்து கிளம்பிப் பாதி வழியில்
படம் அப்படியே உறைந்துபோகும்,
ஒரு வட்டம் சுற்றும், சுற்றும்.

அவுட்டா இல்லையா என்று தெரிவதற்குள்
ஆளுக்கு இன்னொரு டீ.