க முதல் ஹ வரை

வாடகை வீடு தேடும் செயலிக்குப்
பத்தாயிரம் பொய்க் குடித்தனக்காரர்கள் வேண்டும்,
நாளைக் காலைக்குள்.
பெயர் சமைக்க ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன்:
க முதல் ஹ வரை ஏதாவது எழுத்து,
பிறகு காலோ கொம்போ புள்ளியோ,
இரண்டுக்கும் பின்னால் ஆளுக்கொரு நட்சத்திரக் குறி.

மகாதேவபுராவில் இரவு பதினொன்றே கால்.
கீழே தண்ணீர் லாரி பாட்டுப் பாடிப் பின்வாங்குகிறது.
திரையில் பெயர்கள் இறங்கின.
ஒருவருக்குத் தலையில் ஏழு புள்ளி.
ஒருவர் வெறும் கொம்பு,
தாங்க எழுத்தில்லாமல் புள்ளிவட்டத்தைக் கட்டிக்கொண்டு.
ஒருவர் வெற்று வரி.
எத்தனை முறை என்று நீ சொன்னாயா
என்கிறது நட்சத்திரம்.

சரி, எண்ணிக்கையில் கடிவாளம் போட்டேன்.
அப்போதும் பெயர்களுக்கு நடுவே
சின்னச் சின்னக் கட்டங்கள்.
எழுத்துரு மாற்றினேன். கட்டம்.
டீ குடித்துவிட்டு வந்தேன். கட்டம்.

ஷ்ருங்கேஷ் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான்.
தன் கன்னட வரிசையைப் பக்கத்தில் விரித்தான்.
"ஒரே லேஅவுட் அக்கா, ஒரே மாதிரி மனை எண்.
உங்கள் தெருவில் க-வுக்கும் ங-வுக்கும் நடுவே
மூன்று வீடு காலி.
எங்கள் பக்கம் மூன்றிலும் ஆள் இருக்கிறது."

எந்திரம் எண்ணைத்தான் பார்க்கிறது,
கதவைத் தட்டிப் பார்ப்பதில்லை.
யாரும் குடிவராத மனையிலிருந்தும்
ஆள் பிடித்துக்கொண்டு வருகிறது.

'முதல், வரை' இரண்டையும் அழித்துவிட்டு
ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன்.
பள்ளியில் வரிசையின் கடைசியில் நின்ற ன
இங்கே ந-வுக்கு அடுத்த வீடு.

இரண்டரைக்கு எல்லாம் வாசிக்க முடிந்தது.
ணுஞெழி. ளோபூறு.
ண-வில் பெயர் தொடங்காது என்று
யாரும் அதற்குச் சொல்லவில்லை.
நானும் இன்றிரவு சொல்வதாக இல்லை.

மிச்சம் இனிஷியல்.
அப்பாவின் கோ, ஒரு புள்ளி, பிறகு பெயர்,
கோ. பூங்கோதை என்று நான் நிற்கிற மாதிரி.
வந்தது:
கோ7ளோபூறு
கோ?ணுஞெழி
காவலில்லாத புள்ளிக்கு இந்தப் பாஷையில்
'ஏதோ ஒன்று' என்று பொருள்.
அப்பாவுக்கும் எனக்கும் நடுவே
இத்தனை வருடம் நிற்பதும் ஏதோ ஒன்றுதான்;
அதை வேறொரு நாள் பார்க்கலாம்.
புள்ளிக்கு முன்னால் ஒரு சாய்கோடு வைத்தேன்.
புள்ளி, புள்ளியானது.

விடிவதற்குள் பத்தாயிரம் பேரும்
செயலியின் வாசலில் வரிசையாக.
பத்து மாத வாடகை முன்பணம் என்றது அது.
ஒருவர்கூடப் பேரம் பேசவில்லை.