சங்கிலிக்கொம்பு

எழுத்துதான் ஏற்கெனவே இருக்கிறதே,
உன் மகள் புதிதாக என்ன செய்தாள்
என்று கேட்டார் மண்டிக்காரர் சென்னகேசவன்.
பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரி
எடைமேடையில் மூச்சு வாங்கி நின்றது.
பதினாறு டன் நானூற்று இருபது.
சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.
பதில் இல்லை என்னிடம்.

நான்கு வருடம், பெங்களூரில் ஒரு மாடியறையில்
கோகிலவாணி வளைத்தாள், நிமிர்த்தினாள், அழித்தாள்.
'ணை'க்கு மட்டும் ஒரு மாதம் போனது.
'ஞ' ராத்திரி தூங்கவிடவில்லை என்றாள் போனில்,
கைப்பிள்ளைக்காரி பேசுகிற மாதிரி.
எப்பம்மா முடியும்?
முடிஞ்சதுன்னு படுத்தா 'ஸ்ரீ' வந்து நிக்குதுப்பா.
பெண் பார்க்க வந்தவர்களிடம்
கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவைத்தோம்.
பொய்யில்லை அது.

போன தை மாதம் பரிசு கொடுத்தார்கள்.
எந்த ஊரிலோ, கண்ணாடிக் கட்டடத்தில்.
போட்டோவில் அவளுக்குப் பின்னால்
யானை உட்கார்ந்த மாதிரி ஒரு 'அ'.

என் கையெழுத்தைப் பார்த்தா செஞ்ச,
ஆசையாகத்தான் கேட்டேன்.
இருபத்தாறு வருடம் எடைச்சீட்டு எழுதிய கை.
உன் கையெழுத்தா, என்று சிரித்தாள்.
உன் 'ள'வும் 'ன'வும் ஒண்ணு.
வெள்ளிக்கிழமைய வென்னிக்கிழமைன்னு
படிச்சு வளந்தவப்பா நான்.
அவமானமாக இருந்திருக்க வேண்டும்.
சாயங்காலம் வரை நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

லாரி வராத ஒரு மதியம்
யாரும் பார்க்காதபோது மேடையில் ஏறி நின்றேன்.
பத்துப் பத்தாகத்தான் காட்டும் அது.
எழுபது என்றது.
பரிசுக்கு முன்பும் எழுபதுதான்.

பிறகு ஊருக்குள் வந்தன எழுத்துகள்.
முதலில் தயிர் பாக்கெட்டில்.
கழுவிக் காயவைத்தேன்,
ஈ மொய்க்குதென்று பத்மாவதி வீசினாள்,
மறுபடி எடுத்துக் கழுவினேன்.
அப்புறம் ராயக்கோட்டை ரோட்டில் நகைக்கடைப் பலகை.
பஸ்ஸில் போகும்போது அந்தப் பக்க ஜன்னலுக்கு
இடம் மாறி உட்கார்வேன்.

நேற்று பஸ் ஸ்டாண்டுச் சுவரில்
கண்ணீர் அஞ்சலி.
மா. ஏழுமலை, ஓய்வுபெற்ற நடத்துநர், வயது அறுபத்தெட்டு.
அந்த 'ழு' இறங்கிச் சுழிந்த சுழிப்பைச் சொல்லவா,
ஒரு கோடை முழுக்க அவளோடு மல்லுக்கு நின்ற
'லை'யின் சங்கிலிக்கொம்பைச் சொல்லவா.
பல் தெரிய நின்றுவிட்டேன்.

செத்தவர் படத்தப் பாத்து என்னய்யா இளிப்பு?
பின்னால் ஒருவர், கையில் பசை வாளி.
தம்பி மகனாம்.
என்ன சொல்வது.
மன்னிப்புக் கேட்டேன்.
எந்த ரூட் என்று கேட்டேன்.
பர்கூர் டவுன் பஸ், முப்பது வருஷம்.
இருக்கும்.
எனக்குக்கூடச் சீட்டின் பின்னால் எழுதி
ஐம்பது பைசா பாக்கி வைத்திருப்பார்.

சாமந்தி மாலை ஒன்று வாங்கிக்கொண்டு
போகனப்பள்ளிக்குப் போனேன்.
பந்தலில் யாருக்கும் என்னைத் தெரியவில்லை.
மாலையைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது
அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்:
நீங்க யாருங்க?
அவரு பேரை எழுதினது என் பொண்ணுங்க.
வாய் தவறி வந்துவிட்டது.
கேட்டில் ஒட்டியிருந்த போஸ்டரை
அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.
தெளிவா இருக்கு, என்றார்.
கடைசில அவருக்குக் கண்ணு சரியாத் தெரியலங்க.
இதப் படிச்சிருப்பாரு.

ராத்திரி மகளுக்குப் போன் போட்டேன்.
'லை' நல்லா வந்திருக்கும்மா, என்றேன்.
அவளுக்குக் குரலே மாறிவிட்டது.
எங்கப்பா பாத்த?
பஸ் ஸ்டாண்டுல.
என்ன விளம்பரம்ப்பா?
லாரி வந்துடுச்சு, அப்புறம் பேசறேன் என்று வைத்தேன்.
மேடையில் நிலா வெளிச்சம் மட்டும் கிடந்தது.