நிலுவை

காட்பாடி ரயிலடியில் மீட்ட சிறுமிகளை
வைத்திருக்கும் இல்லம். மே மாதம், பதினொரு மணி.
சட்டமன்ற உறுதிமொழிக் குழுவோடு வந்த
சுருக்கெழுத்தாளன் நான்.

கட்டில் நாற்பது. பதிவேட்டில் பெயர் அறுபத்திரண்டு.
மீதிப் பேர்?
விடுப்பில், ஐயா.
விடுப்பில் போக வீடிருந்தால் இங்கே எதற்கு என்றார்
உறுப்பினர் அம்மா ஒருவர்.
கண்காணிப்பாளர் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார்.
புதுசு. இறக்கையில் பாலித்தீன் உரிக்கவில்லை.

அடுத்து, குளியலறைத் தாழ்ப்பாள்.
அமைச்சர் அவையில் தந்த வாக்கு,
ஆறு வருடமாக நிலுவை.
பார்த்துவிடலாம் என்று நடந்தோம்.

கதவில் முதுகைச் சாய்த்து
அமுலு நின்றிருந்தாள்.
ஒன்பது வயதில் வந்தவளாம், இப்போது பதினைந்து.
தள்ளிக்கோம்மா, பெரியவங்கல்லாம் வந்திருக்காங்க.
அவள் நகரவில்லை.
“உள்ளே செல்வராணி குளிக்கிறா.
இன்னிக்கு என் முறை.”

தலைவர் தன் செருப்பைப் பார்த்தார்.
தண்ணீர் மொள்ளும் சத்தம், ஒவ்வொரு சொம்பாக.
பாலாறே வற்றிக் கிடக்கும் ஊரில்
செல்வராணி அவசரப்படவேயில்லை.

பதினொன்று நாற்பது முதல் நாற்பத்தேழு வரை
குழு காத்திருந்தது
என்று எழுதினேன்.

அறிக்கை அச்சாகி வந்தது.
தாழ்ப்பாள் இருக்கிறது, ‘நடவடிக்கையில்’.
அந்த ஏழு நிமிடம்
இல்லை.