இருநூற்றுப் பதினேழு கதிரைகள்

பம்பலப்பிட்டியில் லொறியைப் பின்னுக்கு எடுத்து
கதிரைகளை இறக்கும்போதுதான் பதாகையைப் பார்த்தேன்.
தடயவியல் கணக்கியல்.
ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் இந்த ஆண்டின் விருது.
கலாநிதி ஃபரீனா மஃறூப்.

எனக்கு அவரைத் தெரியும்.
அவருக்கு என் ஏழைத் தெரியும்.

ஐந்தாம் குறுக்குத் தெருவில் வெங்காய மொத்தக் கடை.
ஐம்பதாயிரம் தாண்டினால் முதலாளி கையெழுத்து வேண்டும்.
நான் நாற்பத்தொன்பதாயிரத்து எழுநூறோடு நின்றுகொள்வேன்.
இல்லாத லொறியைத் திருத்தினேன்,
பிறக்காத ஆட்களுக்குக் கூலி கொடுத்தேன்,
ஆறு வருடம்.
கணக்காய்வாளர்கள் வந்தார்கள், பிளேன்டீ குடித்தார்கள்,
கூட்டுத்தொகை சரியென்று போனார்கள்.
சரிதான். கூட்டலில் நான் பிழை விட்டதில்லை.

அவர் கூட்டிப் பார்க்கவே இல்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு
வவுச்சர்களை நிலத்தில் பரப்பி நடுவில் உட்கார்ந்தார்.
மூன்றாம் நாள் பழைய கலண்டர் ஒன்று கேட்டார்.
புறக்கோட்டையே பூட்டிக்கிடந்த வெசாக் போயாவில்
எண்பது மூட்டைக்கு நான் இறக்குகூலி கொடுத்திருந்தேன்.
பிறகு, மெதுவாக:
"கராஜ்காரர், தேத்தண்ணிக் கடைக்காரர், நாட்டாமை,
எல்லாருடைய ஏழுக்கும் ஏன் இடுப்பில் ஒரே கோடு?"

என் மனைவிகூட
என் எழுத்தை அப்படி வாசித்ததில்லை.

வெலிக்கடையில் இருபத்தாறு மாதம்.
வெளியே வந்து
வெள்ளவத்தையில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் நின்றேன்.
கம்பஸ் பெடியன் ஒருவன் நாற்பது பிரதி கேட்டான்.
மெஷினின் வெளிச்சம் போய்ப்போய் வர
சூட்டோடு வெளியே விழுந்தன என் ஏழுகள்.
பெயர் இல்லை. 'காசாளர் ப' என்றிருந்தது.
கடைசித் தாளில், பொடி எழுத்தில், ஓர் அடிக்குறிப்பு:

ஆறு வருடம் காசு குறைந்தும் உரிமையாளர் ஏன் கேட்கவில்லை?
வரிக்குக் காட்டிய செலவிலும் இதே வவுச்சர்கள் உள்ளன.
அந்த ஆறு வருடமும் ப-வின் சம்பளம் கூடவில்லை.
மாணவர் இதையும் கணக்கில் எடுக்கவும்.

நீதிமன்றத்தில் இதை ஒருவரும் கேட்கவில்லை,
என் சட்டத்தரணி உட்பட.
விருதுக்குத் தெரிவு செய்தவர்கள்
அடிக்குறிப்பு வரைக்கும் போனார்களோ தெரியாது.
நானென்றால் அந்த நாலு வரிக்குத்தான் கொடுப்பேன்.

உள்ளே மைக் ஹலோ ஹலோ என்கிறது.
மண்டபத்து ஆள் சீட்டோடு வருகிறான்.
"இருநூற்றெழுபது எண்டு போடுங்கண்ணே,
உங்களையும் பாப்பம்."
இறக்கியது இருநூற்றுப் பதினேழு.
இரண்டு தொகையிலும் ஏழு இருக்கிறது.

பேனையை வாங்கி 217 என்று எழுதினேன்.
பழக்கதோஷத்தில் இடுப்புக் கோடும் விழுந்தது.
அவன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.
பிறகு உள்ளே போய்
முன்வரிசையில் கால் ஆடிய கதிரை ஒன்றைத் தூக்கி
பின்னுக்கு வைத்தேன்.