திறந்த கம்பி

க்தீனியா துறைமுகத்துக்குப் பின்தெருவில்
அடகுக்கடை ஒன்றில் வாங்கினேன்,
ஒரு குளிர்கால மேலங்கியின் விலைக்கு.
அந்த வருடம் மேலங்கி வாங்கவில்லை.
பேஸ் கிட்டாரின் முதுகில் யாரோ ஆணியால் கீறியிருந்தார்கள்:
ரெனாட்டா, மன்னித்துவிடு.
மன்னித்தாளா என்று கேட்டேன்.
உறை இலவசம் என்றார் கடைக்காரர்.

பகலெல்லாம் ஹெர்ரிங் மீனைப் பெட்டியில் அடுக்குகிறேன்.
பனிக்கட்டிக்குள் போய்வந்த விரல்கள்
மாலை ஆறுவரை என்னுடையவை அல்ல.
வெந்நீரில் முக்கி அவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டு
கட்டிலில் உட்கார்ந்து
நாலு கம்பியை எண்ணத் தொடங்குவேன்.
செய்த குற்றம்: முப்பத்தொன்பது வயதில் ஓர் ஆசை.

கழுத்தில் இருபது மெட்டு இருக்கிறது.
ஒரு மெட்டும் வரவில்லை.

பத்து மணிக்கு மேல் ஆம்ப் கூடாது,
சுவருக்கு அந்தப்பக்கம் கைக்குழந்தை.
தாடையை மரத்தின் கொம்பில் அழுத்திக்கொள்வேன்.
காதுக்கு வராத ஒலி எலும்பு வழியாக ஏறிவரும்.
முதலில் பற்களுக்குத்தான் கேட்கும்.
காலையில் ரொட்டி மெல்லும்போதும்
ஈ கம்பி லேசாக மிச்சமிருக்கும்.

டிராலி பஸ் கிளம்பும்போது
கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகிறதே ஒரு முனகல்,
அது எந்தச் சுரத்தில் தொடங்குகிறது?
நிறுத்தத்தில் நின்று தேடினேன்.
எஃப், சுருதி கொஞ்சம் இறங்கி.
கண்டுபிடிப்பதற்குள் இரண்டு பஸ்ஸை விட்டிருந்தேன்.
தாமதத்துக்குக் காரணம் என்ன என்றார் மேலாளர்.
எஃப் என்று சொல்லவில்லை.

மெட்ரோனோம் அறுபதில் சொடுக்கும்.
நான் அறுபத்திரண்டில் இருப்பேன். பிறகு ஐம்பத்தெட்டில்.
சராசரி சரிதானே என்றேன் வித்தோல்டிடம்.
அவன் டிரம்ஸ்காரன். சிரிக்கவில்லை.

படித்ததையெல்லாம் வாசித்துவிடுவேன் அப்போது.
விருந்தாளியின் இலையில் காலியிடம் பார்க்கப் பொறுக்காதவள் போல
ஒவ்வோர் இடைவெளியிலும் எதையாவது வைத்துவிடுவேன்.
போஷேனா மூச்சு வாங்கும் இடத்தில்கூட
நான்கு சுரம் வைத்திருந்தேன்.
அவள் வேறெங்கோ மூச்சு வாங்கப் பழகிக்கொண்டாள்.

வெல்டர் ஒருவரின் மகள் கல்யாணம்.
ஏழாவது பாட்டில்
இடது கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி
இறுகிப்போனது. விரிக்க முடியவில்லை.
பாட்டு ஏ-வில் இருந்தது, நல்ல வேளை.
மூன்றாம் கம்பி: யாரும் அழுத்த வேண்டாம்,
தானாகவே ஏ.
இடது கையை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு
வலது கையின் இரண்டு விரலால்
அதை மட்டும்
அடி தவறாமல்
வெட்கத்தோடு

கிட்டார் டி-க்குப் போனது, ஈ-க்குப் போனது,
நான் போகவில்லை.
கோப்பைகளில் தண்ணீர் ஒரே வட்டமாக நடுங்கியது.
மாப்பிள்ளையின் அத்தை ஷூவைக் கழற்றி
நாற்காலிக்கடியில் தள்ளிவிட்டு எழுந்தாள்.
அவளுக்குப் பின்னால் அந்த மேசை முழுவதும்.
என் விரலுக்கடியில் கிக் டிரம் வந்து உட்கார்ந்தது.
வித்தோல்ட், இரண்டு வருடத்தில் முதல்முறை,
தலையைத் திருப்பி
யார் அது என்பதுபோல் பார்த்தான்.

கடைசிப் பல்லவிக்குக் கை சரியாகிவிட்டது.
தெரிந்ததையெல்லாம் வாசித்தேன்.
அத்தை உட்கார்ந்து
ஷூவைத் தேடினாள்.

திங்கட்கிழமை. வெந்நீர். கட்டில்.
சுவருக்கு அந்தப்பக்கம் குழந்தை தூங்கிவிட்டது.
தாடை மரத்தில்.
ஒரு மணிநேரம் மூன்றாம் கம்பி மட்டும், திறந்தபடி,
என்று முடிவு செய்திருக்கிறேன்.
கை இறுகியபோது வந்தது
கை நன்றாக இருக்கும்போது வர மறுக்கிறது.
நாலாவது நிமிடமே இடதுகை
ஐந்தாம் மெட்டுக்கு ஓடப் பார்க்கிறது.
இரு, என்கிறேன்.
ஓடிவிடுகிறது.