மூன்றாம் கவுன்ட்டர்

ஜூலைக் குளிர். அடிலெய்ட்,
மாட்பரி மருத்துவமனை.
முழங்கால் அறுவைக்கு வந்திருந்தார்
நயெஃப் அபூ கன்னாம்.
கார் தொழிற்சாலையை மூடும்வரை
கதவுகளுக்கு ரப்பர் பொருத்திய கைகள்
சும்மா இருக்கத் தெரியாமல்
என் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தன.

மதம்? என்றேன்.
திரையில் பட்டியல் சரசரவென இறங்கி
ட்ரூஸ் என்ற இடத்தில் நின்றது.

'அதையே போடுங்கள். வேறு இருக்காது.'
வேறு உண்டா?
'முவஹ்ஹிதூன். ஒன்றே என்றவர்கள்.
நாங்கள் எங்களைச் சொல்வது அப்படித்தான்.'
தட்டிப் பார்த்தேன்.
பொருந்தும் பதிவு இல்லை என்றது கணினி.

அப்படியானால் இது யார் வைத்த பெயர்?

சிரித்தார்.
'தராஸி என்று ஒருத்தன்.
ஆயிரம் வருஷம் முன்னால், கெய்ரோவில்.
பொறு என்றார்கள், பொறுக்கவில்லை.
நானே தலைவன் என்று தெருவில் கத்தினான்.
எங்கள் ஆட்களே தள்ளி வைத்தார்கள்.
கலீஃபா தலையை வாங்கிவிட்டார் என்பார்கள்.
ஊர் வாயில் மட்டும் அவன் சாகவில்லை.
எவனை வேண்டாம் என்றோமோ
அவன் பெயரைச் சொல்லித்தான்
இன்றைக்கும் கூப்பிடுகிறார்கள்.
தராஸி என்றால் தையற்காரன் என்று சிலர் சொல்வார்கள்.
நல்ல தையல்தான்.
இதுவரை ஒரு நூல் பிரியவில்லை.'

மேலே கேட்க வாயெடுத்தேன்.
கைகாட்டி நிறுத்தினார்.
'புத்தகம் படிக்க உள்ளே போனவன் இல்லை நான்.
எனக்கு வாசலோடு சரி.
பெயர்க்கதை வாசலிலேயே கிடக்கும்.'

பிறகு என் சட்டையில் குத்தியிருந்ததை
எழுத்துக்கூட்டிப் படித்தார்:
'ஏ... காம்... பரம்.
அழகான பெயர். உங்களுடையதா?'

இல்லை.
நான் வான்மதி.
அது என் அப்பா.
வேறு சாதியில் கட்டிக்கொண்டேன் என்று
நான் உயிரோடிருக்கவே
எனக்குத் தலைமுழுகியவர்.
என் பெயருக்கு முன்னால்
ஓர் எழுத்தும் புள்ளியுமாய் ஒடுங்கிக் கிடந்தவர்
விசா படிவத்தில் காலை நீட்டிக்கொண்டார்.
மிஸஸ் ஏகாம்பரம், எக்ஸ்ரே அறைக்கு.
மிஸஸ் ஏகாம்பரம், உங்களுக்கு போன்.
நாளைக்கு முப்பது தடவை
அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.
நான் எழுந்து போகிறேன்.

இதில் எவ்வளவு வாய்விட்டுச் சொன்னேன்
என்று நினைவில்லை.
'இல்லை, அப்பா பெயர்' வரைக்கும்தான் இருக்கும்.

அச்சு இயந்திரம் கைப்பட்டையைத் துப்பியது.
பெயர், பிறந்த தேதி, ட்ரூஸ்.
அவர் மணிக்கட்டில் சுற்றி அழுத்தினேன்.

'ஒரு துளை தள்ளிப் போடுங்கள்' என்றார்.
'இறுக்குகிறது.'